என்எம்எம்எஸ் பணமும் என் ஐந்து நாள் கூலியும்

போன வாரம்தான் மகளின் கணக்கில் 12,000 ரூபாய் ஏறியது. எட்டாம் வகுப்பில் எழுதிய என்எம்எம்எஸ் தேர்வுக்கு (மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு), அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு. சந்தோஷத்தை விட எரிச்சல்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு, நான் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை. இப்படி ஒரு தேர்வு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கணக்கு டீச்சர்தான் கூப்பிட்டு, "இவ கேள்வி கேக்குற விதமே வேற, எழுத வையுங்க" என்றார். நாமாக நேரே விண்ணப்பிக்க வழியில்லை, பள்ளி மூலமாகத்தான் போகும். எச்எம் அக்கறை காட்டாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையும் ஆட்டத்திலேயே இல்லை. பக்கத்துப் பள்ளியில் அந்த வருடம் ஒருவர்கூட எழுதவில்லை.

தேர்வு சுலபமாக முடிந்தது. மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். டீச்சர் சாயங்காலம் இருத்தி மனத்திறன் கணக்குகளைப் போட வைத்தது கை கொடுத்தது. தேறிவிட்டாள்.

அப்புறம்தான் என் தேர்வு தொடங்கியது.

வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். வரம்பு ஆண்டுக்கு மூன்றரை லட்சம், அதில் நமக்கு என்ன பயம் என்று நினைத்தேன். ரேஷன் கார்டில் பழைய முகவரி என்று நிராகரித்துவிட்டார்கள். வில்லேஜ் ஆபீசில் போய் நின்றால், "கார்டை மாத்திட்டு வாங்க" என்று தலை நிமிராமல் பதில். ஒரு நாள் கூலி போச்சு. பதியும் முன்பே கார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகைக்கான அரசு இணையதளமான என்எஸ்பியில் பள்ளியே பதிந்து கொடுத்தது. மாதங்கள் போயின, பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால், "அக்கவுண்ட் ஆதாரோட லிங்க் ஆயிருக்கு, போங்க." ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன், அதே பதில். லிங்க் ஆனது பொய்யில்லை. ஆனால் உதவித்தொகை வருவதற்கு அது போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயில் தனியாக ஏற்ற வேண்டும், அதற்குப் பெயர் சீடிங். இதை எனக்குச் சொன்னது வங்கி அல்ல, இ-சேவையில் இருந்த தம்பி.

சரி, எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் ஓடிபி வேண்டும். மகளின் ஆதாரில் இருந்தது கொழுந்தனாரின் பழைய நம்பர், அந்த சிம்மே இப்போது இல்லை. நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்குப் பிள்ளையையும் கூட்டிப்போக வேண்டும். அவளுக்கு ஒரு நாள் பள்ளி, எனக்கு ஒரு நாள் கூலி.

நம்பர் மாறியதும் ஆதார் தளத்தில் பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் நின்றது! மூன்றாம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்கான ஊக்கத்தொகைக்காகப் பள்ளியில் மொத்தமாகத் திறந்து கொடுத்த கணக்கு. பாஸ்புக் எங்கே என்றே தெரியாது. பல வருடம் கிடந்து செத்துப்போன கணக்குக்குப் பணம் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறது.

மூன்றாம் தடவை வங்கிக்குப் போனபோது நான் நகரவில்லை. "லிங்க் வேண்டாம், சீடிங் படிவம் தாங்க" என்றேன். அப்படி ஒன்று இல்லை என்றவர், மேலாளர் எட்டிப் பார்த்ததும் மேசையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நகலில் சீல் வாங்காமல் நான் வெளியே வரவில்லை.

இந்தப் பணம் வருடா வருடம் புதுப்பித்தால்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை வரும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 55. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருப்பவர்கள் ஊரகத் திறனாய்வுத் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண் பிள்ளைகளை உதவித்தொகைக்கு எடுப்பார்கள். பேரூராட்சிப் பள்ளிகளும் அதில் சேர்த்தி, நம் மாவட்டத்தில் பேரூராட்சிக்கா பஞ்சம்? ஆனால் வருமான வரம்பு அதற்கு ஒரு லட்சம்தான்.

இளையவன் ஆறாம் வகுப்பு. அவன் ஆதாரில் என் நம்பரைப் போன மாதமே ஏற்றிவிட்டேன்.