சுவர்ப் பக்கம் திரும்பிய கடிகாரம்

நள்ளிரவில் விழிப்பு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, இந்த நொடியே தூங்கினாலும் நான்கு மணி நேரம்தான் மிஞ்சும் என்று கணக்குப் போடும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. படுக்கும்போது இருந்த கவலை வேறு ஏதாவதாக இருக்கும். கணக்கு முடிந்ததும், தூக்கம் வரவில்லையே என்பதே தனிக் கவலையாகி, முன்னதை ஓரங்கட்டிவிடும்.

கவலை தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தூக்கக் குறைவே கவலையை வளர்க்கும் என்பதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு முழுவதும் தூங்காதவர்களுக்கு மனத்தைக் கலங்கச் செய்யும் படங்களைக் காட்டியபோது, அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி, தூங்கி எழுந்தவர்களுக்கு இருந்ததைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகக் கிளர்ந்தது; அதைக் கட்டுக்குள் வைக்கும் முன்மூளைப் பகுதியோடு அதற்கு இருந்த இணைப்பும் தளர்ந்திருந்தது. தூங்காத இரவுக்கு மறுநாள் ஒரு சாதாரண மின்னஞ்சல்கூட என்னை ஏன் மிரட்டியது என்பது இதைப் படித்தபோதுதான் விளங்கியது. அந்த மிரட்சியோடுதான் அடுத்த இரவும் படுக்கப் போவேன்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, தூக்கத்துக்கென வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை) முதலில் அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. அதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விதி ஒன்று உண்டு: இருபது நிமிடத்துக்குள் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கிய பிறகே திரும்பிப் படுக்க வேண்டும்; எப்போது தூங்கினாலும் காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிட வேண்டும். புரண்டு புரண்டு கவலைப்படும் இடமாகப் படுக்கையைப் பழக்கிவிட்ட மூளைக்கு, அது தூங்கும் இடம் என்று மறுபடி கற்றுக்கொடுப்பதே இதன் நோக்கம். முதல் வாரம் பகலெல்லாம் தள்ளாடினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இருபது நிமிடத்தை எப்படி அளப்பது என்று கேட்கலாம். அளக்கத் தேவையில்லை, எரிச்சல் தலைதூக்கினால் நேரம் ஆகிவிட்டது என்று பொருள். நேற்றிரவும் அப்படித்தான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது மணி என்னவென்று எனக்குத் தெரியாது.