வைஃபை மாட்டுவதற்கு முன்னால் ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நான் ஐடி வேலை பார்க்கும் டியூஷன் சென்டரில் வைஃபை இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறது. மூன்று மாடிக் கடைவீடு, பழைய செங்கல் சுவர், ஒரு வகுப்பில் இருக்கும் சிக்னல் அடுத்த வகுப்புக்குப் போகாது. அதனால் மேல் இரண்டு மாடிகளுக்கு மட்டும் 7 ஏபி (வைஃபை சிக்னலைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டி). கேபிள் இழுத்து ஏபி மாட்டியது ஒரு வெண்டர், அந்தக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்சின் பாஸ்வேர்டு கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்டதை எழுதி வைத்தால் அடுத்தவருக்காவது உதவும்.

கேபிள் இழுத்ததில், மாட்டியதில் குறையே சொல்ல முடியாது. வேலை முடிந்ததென்று வெண்டர் கிளம்பிப் போன அன்று மாலையே ஏழாவது ஏபி உயிர் இல்லாமல் கிடந்தது. போன் செய்தால், "ஏபி பழுது பாஸ், மாத்தித் தரோம்" என்றார்கள். மாற்றினார்கள், அதுவும் எரியவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தார்கள், அப்போதும் இல்லை. நான் சும்மா பக்கத்து வகுப்பு ஏபியின் கேபிளை ஸ்விட்சிலிருந்து உருவிப் பார்த்தேன். செத்துக் கிடந்த ஏழாவது ஏபி அரை நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தது!

கணக்கு இதுதான். ஏபிக்குக் கரன்ட் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது, அதற்குப் பேர் பிஓஈ. அந்த ஸ்விட்ச் தன் பிஓஈ போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரக்கூடியது 195 வாட். எங்கள் ஏபிக்கள் 802.3at ரகம், அதாவது பிஓஈ ப்ளஸ். ஒவ்வொன்றும் நிஜத்தில் பத்துப் பன்னிரண்டு வாட்தான் குடிக்கிறது, ஆனால் ஸ்விட்ச் அந்த ரகத்தைப் பார்த்ததுமே ஆளுக்கு 30 வாட் ஒதுக்கி வைத்துவிடுகிறது. ஆறு ஏபிக்கு 180 போய்விட்டது, மிச்சம் 15, ஏழாவதற்கு இடம் இல்லை. ஸ்விட்ச் வாங்கும்போது 24 போர்ட்டும் பிஓஈ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், மொத்த வாட் எவ்வளவு என்று டேட்டா ஷீட்டில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ரகத்தை வைத்து ஒதுக்காமல் உண்மையில் குடிக்கும் அளவை வைத்து ஒதுக்கும் முறை நிறைய ஸ்விட்சுகளில் உண்டு, அதற்கு மாற்றலாம். மாற்றும்போதே முக்கியமான ஏபிக்களுக்கு உயர்ந்த பிரியாரிட்டியும் கொடுத்துவிடுங்கள், என்றைக்காவது பவர் பற்றாமல் போனால் எதை முதலில் அணைப்பது என்று ஸ்விட்ச் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

இதைத் தலைமை அலுவலக ஹெல்ப்டெஸ்க்குக்கு விளக்கி மெயில் போட்டேன். "நெட்வொர்க் நார்மல்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். கடைசியில் பவர் பக்கத்தில் டினைட் (மறுக்கப்பட்டது) என்று தெரியும் அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி அவர்கள் வாயாலேயே படிக்க வைத்த பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள்.

சரி, எல்லா ஏபியும் எரிகிறது. ஏபிக்களை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் எல்லாம் பச்சை. ஆசிரியர்கள் வைஃபை கிடைக்கிறது, மாணவர்கள் வைஃபை மேல் மாடியில் மட்டும் ஐபி வாங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, லேப்டாப்பில் பார்த்தால் 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரி. அந்த முகவரியைப் பார்த்தால் ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம், பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பயனில்லை. வெண்டர் ஏபியின் ஃபர்ம்வேரை ஏற்றச் சொன்னார், ஹெல்ப்டெஸ்க் வெண்டரைக் கேட்கச் சொன்னது. நான் மேலே இருந்த ஒரு ஏபியைக் கழற்றிக் கீழ்மாடி ஸ்விட்சில் செருகினேன், மாணவர் வைஃபை அந்த நிமிஷமே ஓடியது. அப்படியென்றால் ஏபியில் குறை இல்லை, இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவில் போகும் ட்ரங்க்கில்தான் குறை. விலான் என்பது ஒரே கேபிளில் பிரித்து ஓட்டும் தனித்தனி நெட்வொர்க், அவற்றைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்புதான் ட்ரங்க். எங்களிடம் ஆசிரியர்களுக்கு விலான் 10, மாணவர்களுக்கு 20, ஸ்விட்சையும் ஏபியையும் நிர்வகிக்க 99. ஏபி போர்ட்டில் 20 இருந்தது, மேல் ஸ்விட்சிலிருந்து கீழே இறங்கும் அப்லிங்க்கில், அதாவது அந்த ட்ரங்க்கில், 20 இல்லை. ஏபி போர்ட்டை மட்டும் சரிபார்த்துவிட்டு விடாதீர்கள், அந்த விலான் டிஎச்சிபி சர்வர் வரைக்கும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ட்ரங்க்கிலும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் ஹெல்ப்டெஸ்க் ஒத்துக்கொண்டது, சனிக்கிழமை இரவு மாற்றுவதாகச் சொன்னது. அன்றைக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ட்ரங்க்கில் ஒரு விலானைச் சேர்க்க வேண்டுமென்றால் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலான் ஆட் 20' என்று அடிக்க வேண்டும். அந்த 'ஆட்' இல்லாமல் அடித்தால் இருக்கிற பட்டியல் முழுக்க அழிந்து 20 மட்டும் மிஞ்சும். அந்த ஹெல்ப்டெஸ்க் பிரதர் 'ஆட்' போடாமல் அடித்துவிட்டார். 10 போச்சு, 99 போச்சு, 99 வழியாகத்தான் அவரே மேல் ஸ்விட்சுக்குள் நுழைந்திருந்தார் என்பதால் அவரும் வெளியே. ராத்திரி பத்தரை மணிக்கு எனக்குப் போன்: "ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சேவ் பண்ணல, பழையபடி வந்துடும்." ப்ளக்கைப் பிடுங்கிச் செருகும் வேலை, அதற்கு நான் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும்.

வந்தேன். ஸ்விட்ச் இருக்கும் அறையின் சாவி கட்டட உரிமையாளரின் காவலாளியிடம். அவர் நல்ல மனிதர், பல நாள் பழக்கம், ஆனால் அசையவில்லை. "சூராட் இருக்கா தம்பி? சாப் வச்ச சூராட் இல்லாம ராத்திரியில திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." சூராட் என்றால் கடிதம், சாப் என்றால் முத்திரை. அண்ணே, இரண்டு நிமிஷ வேலை என்றேன், ஹெல்ப்டெஸ்க் பிரதரைப் போனில் பேச வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை, வேலை போனால் யார் பார்ப்பது. வெறுங்கையோடு திரும்பினேன். ஞாயிறு காலை நிர்வாகி அக்காவைப் பிடித்துக் கடிதம் அடித்து, சாப் குத்தி, மறுபடியும் பாலம் தாண்டி வந்து ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். அதற்குள் காலை வகுப்புகள் ஆன்லைன் பயிற்சி இல்லாமலே முடிந்திருந்தன.

பழையபடி வந்தது என்றால் நிஜமாகவே பழையபடி. ஏழாவது ஏபி மறுபடி செத்துக் கிடந்தது! பவர் ஒதுக்கும் முறையை மாற்றினார்களே, அதையும் சேவ் செய்யவில்லை.

சிஸ்கோ மாதிரி ஸ்விட்சுகளில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. ஆபத்தான மாற்றம் செய்யும் முன் கையில் இருப்பதைச் சேவ் செய்துவிட்டு, 'ரீலோட் இன் 10' என்று அடித்து வையுங்கள். தொடர்பு அறுந்துவிட்டால் 10 நிமிஷத்தில் ஸ்விட்ச் தானே ரீபூட் ஆகிப் பழைய அமைப்புக்கு வந்துவிடும், யாரும் பாலம் தாண்ட வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் சேவ். அன்று ராத்திரி அந்த ஒரு வரி அடித்திருந்தால் போதும்.

அதன் பிறகு வந்தவை சின்னவை. முன்பு கம்ப்யூட்டர் இருந்த ஒரு போர்ட்டில் போர்ட் செக்யூரிட்டியை, அதாவது ஒரு போர்ட்டில் எத்தனை கருவி சேரலாம் என்ற வரம்பை, 3 மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) என்று விட்டுவைத்திருந்தார்கள், ஏபியும் இரண்டு மாணவர்களும் இருக்கும்வரை ஓடும், மூன்றாவது போன் சேர்ந்ததும் போர்ட் அடைத்துக்கொள்ளும். ஏபி தன் டிராஃபிக்கை நேராக ஸ்விட்சில் இறக்கும் அமைப்பில் இதை எடுத்தே ஆக வேண்டும். டிஎச்சிபி லீஸையும், அதாவது ஒரு கருவிக்குக் கொடுத்த ஐபி முகவரி எத்தனை நேரம் அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதையும் பாருங்கள். விண்டோஸ் சர்வரில் இயல்பாக 8 நாள், வகுப்பு மாறி மாறி வரும் மாணவர்களுக்கு அது ரொம்ப அதிகம், கொடுக்க இருக்கும் 254 முகவரியும் தீர்ந்துவிடும். நாங்கள் 2 மணி நேரமாக்கினோம்.

இதற்கு நடுவில் வெண்டரின் பில் வந்தது, அதில் 'ஸ்விட்ச் அமைப்பு' என்று தனி வரி, தனித் தொகை. எந்தப் போர்ட்டில் எந்த ஏபி, எந்த விலான், எத்தனை வாட் என்று அட்டவணை கொடுத்தால்தான் கையெழுத்து என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் அனுப்பினார்கள். அட்டவணையை நானே போட்டு ராக்கின் கதவில் ஒட்டியிருக்கிறேன், பார்க்க மட்டும் அனுமதிக்கும் ஒரு லாகினைத் தலைமை அலுவலகமும் கடைசியில் கொடுத்துவிட்டது.