சைகோன் நடைபாதையில் ஒரு ரொட்டி

எங்கள் வீட்டில் ரொட்டி வாங்கினால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். கடலூரில் நான் வளர்ந்த காலத்தில், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போகிறவர் வழியில் பேக்கரியில் ஏறி ஒரு பாக்கெட் ரொட்டியும் வாங்கி வருவார். அது சூடான பாலில் ஊறிக் குழைந்து கிடக்கும் வாடை இன்றைக்கும் எனக்கு மாத்திரைக் கசப்பையே நினைவூட்டும். பக்கத்திலேயே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் நீள ரொட்டி கிடைக்கும் என்று தெரிந்திருந்தும், அதை ஆசைப்பட்டு வாங்கித் தின்ற நினைவு இல்லை. அப்படிப்பட்ட நான், சென்ற ஆண்டு அலுவலக வேலையாக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் (அங்கே பலரும் இன்னமும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்) ஏழு நாள் தங்கியபோது ஒன்பது ரொட்டி தின்றேன்.

முதல் ரொட்டிக்குக் காரணம் மாரியம்மன். பென் தான் சந்தைக்கு அருகில் உள்ள துருவோங் டின் தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போனேன். என்னைத் தவிர, கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் வியட்நாமியர். ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, முணுமுணுத்தபடி அம்மனிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது நல்ல பசி. சற்றுத் தள்ளி, நடைபாதையோரம் கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டி ஒன்று நின்றது. அதற்குள் முழங்கை நீளம்கூட இல்லாத ரொட்டிகள் அடுக்கியிருந்தன.

நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை. மதக் கட்டுப்பாடு என்று எதுவும் இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். அந்த ஊர் ரொட்டியிலோ பன்றி பல வடிவங்களில் வரும்: ஈரலை அரைத்த விழுதாக, வாழையிலையில் சுற்றி வேகவைத்த ‘சா லுவா’வாக, மெல்லிய துண்டங்களாக. ஆகவே ‘முட்டை மட்டும், இறைச்சி வேண்டாம்’ என்று உள்ளூர் அலுவலக நண்பர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை நீட்டினேன். வண்டிக்கார அம்மாள் அதைப் படித்து, ‘ஓப் லா’ என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கைப்பிடி வைத்த சின்ன இரும்புச் சட்டியில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார்.

அதன்பின் நடந்ததை நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டியின் விலாவைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் பிளந்தார். முட்டை மஞ்சள் கருவையும் எண்ணெயையும் அடித்த வெளிர்மஞ்சள் பசையைக் கரண்டியின் பின்புறத்தால் உள்ளே தடவினார். கருவைக் குழைவாகவே விட்டிருந்த முட்டை போனது. நீளவாக்கில் சீவிய வெள்ளரிக்காய் போனது. வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறிய கேரட், முள்ளங்கிக் கீற்றுகளை ஒரு கை அள்ளிப் பிழிந்து வைத்தார். தண்டோடு கொத்தமல்லி, வட்டவட்டமாக அரிந்த செம்மிளகாய், மேலே சோயா சாறு இரண்டு பீச்சு. காகிதத்தில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார், நம் ஊர்ப் பஜ்ஜிப் பொட்டலம் போலவே. விலை இருபத்தைந்தாயிரம் டாங் என்று கேட்டதும் வயிறு கலங்கியது. நம் கணக்கில் நூறு ரூபாய்கூட ஆகாது.

கடித்தவுடன் மேல்தோல் நொறுங்கிச் சட்டையெல்லாம் உதிர்ந்தது. வாயில் மிஞ்சியது பஞ்சுபோல ஒன்றுமில்லாமல் அடங்கிவிட்டது. பிரெஞ்சு ரொட்டியை இழுத்து மெல்ல வேண்டியிருக்குமே, அந்தப் போராட்டம் இதில் கிடையாது. முட்டையின் கொழுப்பு நாக்கில் படியும் நேரம் பார்த்துப் புளித்த முள்ளங்கி வந்து அதைக் கழுவிவிட்டது. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் செய்கிற வேலையைத்தான் அந்தக் கீற்றுகள் இங்கே செய்கின்றன என்று பாதி தின்னும்போது புரிந்தது. மிளகாயைப் பற்றிப் பெருமை பேச வேண்டாம். கடலூர்க்காரன் என்ற மிதப்பில் எதையும் எடுத்துப்போடாமல் கடித்து, கண்ணில் நீர் வழிய நின்றேன். நெற்றிக் குங்குமத்தையும் கண்ணீரையும் சேர்த்துப் பார்த்த அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, ஒரு குவளை ஐஸ் தேநீர் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இந்த ரொட்டிக்குப் பெயர் பான் மீ. பிரெஞ்சுச் சொல்லான ‘பேன்’ மருவியது என்று பலர் சொல்வது சரியல்ல. ‘பான்’ என்பது நம் ‘பலகாரம்’ போல மாவுப் பண்டங்கள் பலவற்றுக்கும் பொதுவான சொல். அரிசிமாவில் மஞ்சள் கலந்து தோசைபோல ஊற்றுகிற பான் செயோவுக்கும் அதே முன்னொட்டுத்தான். ‘மீ’ என்றால் கோதுமை. (இலங்கைத் தமிழரின் ‘பாண்’ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, ஒலி ஒத்திருப்பது தற்செயல்.) ஆனால் உள்ளே வைப்பவற்றில் பிரெஞ்சு நிறையவே ஒட்டியிருக்கிறது: ஓப் லா என்பது ‘ஓ பிளா’ என்ற பிரெஞ்சு முட்டைப் பொரியல், வெண்ணெய்க்கான பிரெஞ்சுச் சொல் ‘பேர்’ இங்கே ‘பொ’, ஈரல் விழுது அப்படியே பாட்டே.

வேலைக்கு நடுவே ஒரு காலை, அந்த நண்பர் என்னைக் காவ் தாங் தெருவில் உள்ள ஹோவா மா கடைக்கு அழைத்துப் போனார். 1859-இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களோடு வந்த ரொட்டியை, வெகுகாலம் அவர்கள் முறைப்படியே, வெண்ணெயும் இறைச்சியும் தனித்தட்டில் வைத்துத்தான் தின்றிருக்கிறார்கள். 1954-இல் நாடு பிரிந்து வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தபோது, ஹனோயிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958-இல் தொடங்கிய கடை இது. உட்கார்ந்து தின்ன நேரமில்லாத வேலையாட்களுக்காக, தட்டில் இருந்ததையெல்லாம் ரொட்டிக்குள்ளேயே திணித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்போது அங்கே எல்லோரும் சந்தில் குட்டைப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, சட்டியில் சீறும் முட்டையைத் தனியாகவும் ரொட்டியைத் தனியாகவும் நிதானமாகத் தின்கிறார்கள். நானும் அப்படித்தான் தின்றேன். நண்பருடைய சட்டியிலிருந்து ஈரல் விழுதையும் ஒரு விரல் தொட்டு நக்கினேன். மிளகும் பூண்டுமாக நன்றாகவே இருந்தது. வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

ஒன்பதில் ஒன்றே ஒன்று வீண். குளிரூட்டப்பட்ட ஓர் உணவகத்தில், பெயர் வேண்டாம், ஐந்து மடங்கு விலைக்குத் தந்த ரொட்டி ஈரத்துணிபோல இழுபட்டது. அந்த ஊர்ப் புழுக்கத்தில் மொறுமொறுப்பு சில மணி நேரம்தான் நிற்கும். சுட்டு அதிக நேரம் ஆகாத ரொட்டியைத் தள்ளுவண்டியில் வாங்குவதே உத்தமம்.

ஊர் திரும்பியதும் வீட்டில் செய்து பார்த்தேன். கேரட்டும் முள்ளங்கியும் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறியதில் சுவை ஏறக்குறைய பிடிபட்டுவிட்டது. ரொட்டிதான் அமையவில்லை, பேக்கரியில் கிடைத்த நீள ரொட்டியைத் தோசைக்கல்லில் புரட்டிப் புரட்டிச் சுட்டும் அது நொறுங்க மறுத்தது. அடுத்த முறை புதுச்சேரிக்கே போய் வாங்கி வரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மேசையில் கிடந்த பேக்கரி உறையைப் பார்த்துவிட்டு அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்குடா ரொட்டி?”