குடும்ப ஜெபம்: இருபது நிமிஷம் போதும்

புது வருஷத்தன்று வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பித்த குடும்ப ஜெபம், பல வீடுகளில் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தை எட்டும்போது நின்றுபோகும். காரணம் பக்திக் குறைவு இல்லை. ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் கதையாக ஓடிவிடும். யாத்திராகமம் 25-ஐத் தொட்டதும் ஆசரிப்புக் கூடாரம் என்கிற வழிபாட்டுக் கூடாரத்தின் முழக்கணக்கு, அதன்பின் பலிகளின் முறைமை. ஆறு வயதுப் பிள்ளை பாயிலேயே தூங்கிவிடும். தினம் ஓர் அதிகாரம் என்று போனால் வேதத்தின் 1189 அதிகாரமும் முடிய மூன்றேகால் வருஷம் ஆகும். அது தனி வாசிப்புக்கு நல்லது, கூடி வாசிக்கச் சரிப்படாது.

இயேசுவின் கதையைச் சொல்கிற மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். அதையும் அதிகாரக் கணக்கில் வாசிக்க வேண்டாம். 14-ம் அதிகாரத்தில் மட்டும் 72 வசனம் இருக்கிறது. ஒரு சம்பவம் முடிகிற இடத்தில் நிறுத்தினால் போதும். பத்துப் பன்னிரண்டு வசனம் வரும்.

மாற்கு 2-ல் முதல் 12 வசனத்தை எடுத்துக்கொள்வோம்: நடக்க முடியாத ஒருவனைச் சிலர் தூக்கிவந்து, கூட்டத்தால் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்குகிற சம்பவம். ஆளுக்கொரு வசனம் என்று சுற்றில் வாசிப்பதுதான் வழக்கம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு 4-ம் வசனம் வந்துவிட்டால் தொலைந்தது. ‘ஜனக்கூட்டத்தினிமித்தம்’ என்ற ஒரே சொல்லில் சிக்கி நிற்கும், அண்ணன் சிரிப்பான், மறுநாள் அது வயிற்றுவலி என்று சொல்லும். சின்ன வசனத்தை முன்கூட்டியே பார்த்து அதற்கு ஒதுக்குங்கள். நீண்ட சொல்லை ‘ஜனக்கூட்டத்தின் நிமித்தம்’ என்று பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். ‘திமிர்வாதக்காரன்’ என்றால் பக்கவாதம் வந்தவர் என்று ஒரு வரியில் சொன்னால் போதும், அங்கே பிரசங்கம் வேண்டாம்.

வாசித்து முடித்ததும் மூன்றே கேள்வி. சின்னவளிடம்: எத்தனை பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? நடுவிலானிடம்: கூரையைப் பிரித்தபோது வீட்டுக்காரர் என்ன நினைத்திருப்பார்? பெரியவனிடம்: 5-ம் வசனத்தில் ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்று இருக்கிறதே, யாருடைய விசுவாசம்? கடைசிக் கேள்விக்குத் தாத்தாவும் அப்பாவும் வேறு வேறு பதில் சொன்னால் இன்னும் நல்லது.

பாட்டு வாசிப்புக்கு முன்னால் வரட்டும்; அடுப்படியில் இருப்பவரும் பாட்டுச் சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம். ஏழு சரணத்தையும் பாடித் தீர்ப்பது ஞாயிறு மாலைக்கு. பாட்டு சொதப்புவது பெரும்பாலும் சுருதியில்தான். பல்லவியை வசதியான உயரத்தில் எடுத்துவிட்டு, அனுபல்லவி மேலே ஏறியதும் எல்லார் தொண்டையும் கட்டிக்கொள்ளும். உயரமான வரியை முதலில் மனசுக்குள் முனகிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜெபத்தில் ஒரு தப்பு எல்லா ஊரிலும் நடக்கிறது. “ஆண்டவரே, இவனுக்குக் கணக்குப் பாடத்தில் கவனத்தைத் தாரும், போனை நோண்டுகிற ஆவியை விலக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். திட்ட வேண்டியதை ஜெபத்துக்கு முன்போ பின்போ திட்டுங்கள்! ஜெபத்தில் ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரம், ஒரு விண்ணப்பம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம். விண்ணப்பங்களை ஒரு நோட்டில் இடப்பக்கம் தேதி போட்டு எழுதி, பதில் வந்த தேதிக்கு வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். எழுதாமல் விட்டால் அத்தையின் ஆபரேஷனுக்காக ஜெபித்தது இரண்டே வாரத்தில் மறந்துபோகும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ராச்சாப்பாட்டோடு கட்டுங்கள், சாப்பாட்டுக்கு முன்பாக. எட்டு மணி என்று வைத்தால் டியூஷன், சீரியல், பவர்கட் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். சாப்பிட்ட பிறகு என்றால் தூக்கம்.

அப்பா துபாயில் இருந்தால் இங்கே எட்டு அங்கே ஆறரை, சவூதி என்றால் ஐந்தரை. வீடியோ காலில் சேர்ந்து பாட முடியாது. சத்தம் பிந்தி வருவதால் தாளம் பிசகும். இந்தப் பக்கம் பாடட்டும், அவர் மைக்கை அணைத்துவிட்டு அங்கேயே கூடப் பாடட்டும். வேதவாசிப்பை அவருக்குக் கொடுங்கள்.

விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம். விருந்தாளி வந்து பதினொரு மணியாகிவிட்ட ராத்திரிக்கு 117-ம் சங்கீதம் இருக்கிறது. இரண்டே வசனம்.