விளாச்சேரிப் பட்டறையில் அப்பத்தாவோடு 12 வருஷம்

2009 வைகாசியில் கல்யாணமாகி விளாச்சேரிக்கு வந்தேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். திண்ணைக்குத் திண்ணை கொலுப் பொம்மை காயும். என் தாத்தா சக்கரம் சுற்றியவர்தான். ஆனால் அப்பா மில் வேலைக்குப் போய்விட்டதால் எனக்கு மண் பழக்கமே இல்லை. வந்த நான்காம் நாள் என் வீட்டுக்காரரின் அப்பத்தா பட்டறைக்குக் கூப்பிட்டார். ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்த களிமண்ணைக் காட்டி, "ஏத்தா, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு இதை மிதி. கல்லு தட்டுச்சுன்னா நில்லு, எடுத்துப் போடு, அப்புறம் மிதி" என்றார். அப்போது அவருக்கு 73 வயது. நான் மிதித்து முடித்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்து, இரண்டு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. மறுபடி மிதித்தேன். அதுதான் வேலையில் என் முதல் நாள்.

அச்சில் அடிக்கிற பொம்மையில் என்ன கலை இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அவர்களை ஒரு காலைப் பொழுது அப்பத்தா பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். ஒவ்வொரு பாதியிலும் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பரப்ப வேண்டும். ஊத்தப்பக் கனம் இருக்கலாம், தோசைக் கனம் ஆகிவிடக் கூடாது என்பார். மெலிந்தால் காயும்போதே விரியும்; ஓர் இடத்தில் மட்டும் தடித்தால் அங்கே ஈரம் தங்கிச் சூளையில் வெடிக்கும். இரண்டு பாதியையும் மண் குழம்பு தடவி ஒட்டி, அச்சைப் பிரித்து, ஒட்டிய கோட்டை ஈரத்துணியால் துடைப்போம். இதுவரை எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். அப்பத்தாவின் வேலை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு பொம்மையின் கழுத்தை நூலளவு சாய்ப்பார். இன்னொன்றுக்கு முந்தானையில் ஒரு மடிப்பு கூட்டுவார். ஒரே அச்சில் 50 செட்டியார் பொம்மை அடித்தாலும் 50 பேரும் வேறு வேறு ஆள். வாங்குகிறவர்களுக்குத் தெரியவா போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரியுமில்ல" என்றார். சரி என்று நானும் கழுத்தைச் சாய்க்கப் பழகினேன். இரண்டு வருஷம் ஆனது.

அவர் பார்த்ததெல்லாம் பொம்மையாகிவிடும். 1946-ல் காந்தி மதுரைக்கு வந்தபோது அவருக்கு 10 வயது. அவருடைய அப்பா தோளில் தூக்கி வைத்துக் காட்டியிருக்கிறார். தெரிந்தது தூரத்தில் ஒரு தலையும் வெள்ளைத் துணியும்தான். காந்தி முழு உடையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது 1921-ல் இதே மதுரையில் என்பதை அப்பத்தா பின்னால் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்த காந்திகளுக்கெல்லாம், நம் பக்கத்துச் சம்சாரி வயலில் கட்டுவதுபோலத்தான் வேட்டி. மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் செட்டு செய்வோம். அதில் வரும் இடையர்களுக்குத் தலைப்பாகை கட்டி, கையில் தொரட்டி கொடுத்துவிடுவார்.

எனக்குப் பெரிய பாடம் 2011-ல் கிடைத்தது. அந்த வருஷம் ஆடியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அதை 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி அப்போது உயிரோடு இல்லை. ஆனால் முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்த விரல்களை வைத்தே அவர் ஆபரேஷன் செய்து பழகிய கதையை, காத்திருந்த நேரத்தில் பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் சொன்னார். அப்பத்தா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் விரல்களும் முட்டி முட்டியாகக் கோணியிருக்கும். "அவரும் கண்ணு எழுதுனவருதான்" என்றார்.

கட்டு பிரித்து வீட்டுக்கு வந்தவர் நேரே பட்டறைக்குள் போனார். அலமாரியில் நாற்பது கிருஷ்ணர் பொம்மை, பெயிண்ட் முடிந்து டவுன் கடைக்குப் போகத் தயாராக இருந்தது. ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இம்புட்டு நீலத்தையா பூசியிருக்கேன்?" என்றார். புரை முற்றினால் கண்ணுக்குள் மஞ்சள் ஏறிவிடும், நீலம் மங்கலாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதமும் அவரை அறியாமலே நீலத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். எங்களுக்கு அது பழகிப்போனதால் வித்தியாசமே படவில்லை. நவராத்திரி நெருங்குகிறது, கடைக்காரர் போன்மேல் போன், கொலு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று என் மாமனார் கெஞ்சினார். அப்பத்தா கேட்கவில்லை. டாக்டர் சொன்ன ஓய்வு நாட்கள் முடிந்த மறுநாளே உட்கார்ந்து நாற்பதுக்கும் வெள்ளை அடித்து, மறுபடி நீலம் பூசி, கண்ணும் புதிதாக எழுதினார். கடைசி எட்டுக்கு என்னை எழுதச் சொன்னார். அதுவரை என்னைக் கண் எழுத விட்டதில்லை. முதலில் வெள்ளை, அது காய்ந்ததும் கருவிழி, கடைசியாக ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி வைக்கும்போது மூச்சை விடக் கூடாது. பக்கத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அவர் கடைசியாகப் புதிதாகச் செய்தது அழகர் செட்டு. தங்கக் குதிரையில் அழகர், தூக்கி வருகிற சீர்பாதங்கள், செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள், தோப்பறையில் தண்ணீர் பீய்ச்சுகிற ஆள். தோப்பறை ஆளுக்கு மட்டும் நான்கு தடவை அச்சு மாற்றினார். ஆட்டுத்தோல் பையைக் கக்கத்தில் இடுக்கும்போது தோள் எப்படி ஏறுகிறது என்று சித்திரைத் திருவிழாவில் நின்று பார்த்துவிட்டு வந்து, மறுபடி மண்ணை எடுப்பார். 2020-ல் கொரோனாவால் அழகர் வைகைக்கு வரவில்லை. சித்திரா பௌர்ணமி விடியலில் அப்பத்தா பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஆற்று மணலைக் கூட்டி, அதில் தன் அழகரை இறக்கினார். வீட்டில் ஆறு பேர்தான் நின்றோம். பச்சைப்பட்டு அவரே தீட்டியது.

அடுத்த வருஷம் ஐப்பசியில், 85 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். பரணில் அவர் செய்த அச்சுகள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அடுக்குவதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

போன புரட்டாசியில் மதுரையிலிருந்து ஒரு அம்மா உடைந்த சரஸ்வதி பொம்மையைப் பையில் கொண்டுவந்தார். அவர் மாமியார் காலத்தில் எங்கள் பட்டறையில் வாங்கியதாம். கழுத்துச் சாய்வைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. முதுகுப் பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே தெரிந்தது. வெளியே எவ்வளவு வழுவழுப்போ, உள்ளே அவ்வளவும் கட்டைவிரல் பள்ளங்கள். ஒன்றையொன்று தொட்டபடி, மீன் செதில்போல. ரேகைகூட அழியவில்லை. உள்ளே விட்டு ஒரு பள்ளத்தில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இடம் மிச்சம் இருந்தது. அவர் விரல் என்னுடையதைவிட அகலம்.

"ஒட்டிடலாமாம்மா?" என்று அவர் கேட்டார்.

"ஒட்டிடலாம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, என் மகளைக் கூப்பிட்டு உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்புறம்தான் எம்-சீல் பிசைந்தேன்.