ஸ்லெட் நாய்களுக்காகப் புகார் கொடுக்கப் போனபோது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பனியில் சறுக்குவண்டி இழுக்கும் ஸ்லெட் நாய்களை மோசமாக வைத்திருப்பதைப் பார்த்தால், தயவுசெய்து உள்ளூர் நகராட்சிக்குப் போய் அலையாதீர்கள். நான் போய் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பிப்ரவரியில் குடும்பத்தோடு வடக்கே போயிருந்தோம். சவாரி முடிந்ததும் நாய்கள் கட்டியிருக்கும் இடத்தைப் பார்க்க விட்டார்கள். அங்கே ஒரு கறுப்பு நாயின் சங்கிலி கட்டையில் சுற்றிச் சுற்றி இறுகி, கழுத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. பக்கத்திலேயே அதன் கூடு. ஆனால் உள்ளே போக எட்டவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் அடிவரை உறைந்திருந்தது. மகள் அங்கிருந்த பணியாளரிடம் சொன்னாள். “இதுகளுக்குப் பழக்கம்தான்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

நகராட்சியில் வரிசையில் நின்று சொன்னால், நாய் உரிமம், தெருவில் திரியும் நாய், குரைக்கும் தொல்லை, இவ்வளவுதான் தங்கள் வேலை என்றார்கள். பக்கத்து ஊர் விலங்குக் காப்பகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே “எங்களுக்கு அதிகாரம் இல்லை” என்றார்கள். யாருக்கு இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நாள் முழுக்க வீண்.

விஷயம் இதுதான். முன்பு விலங்குவதைத் தடுப்புச் சங்கம்தான் மாகாணத்தின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அமல்படுத்தியது. ஒரு தனியார் தொண்டு நிறுவனத்துக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்தது செல்லாது என்று 2019 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு ஜூனோடு சங்கம் விலகிவிட்டது. 2020 ஜனவரி 1 முதல் மாகாண அரசின் ஆய்வாளர்களே பார்க்கிறார்கள். எண் 1-833-926-4625. எந்த நேரமும் எடுப்பார்கள். இந்த ஒரு வரியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் போதும்.

அழைப்பு சுலபமாக முடிந்தது. அப்புறம் ஆய்வாளர் கூப்பிட்டார். அவர் கேட்ட கேள்விகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எந்த நாய்? எந்த வரிசையில்? எத்தனை மணிக்கு? கூட்டுக்குள் போக முடிந்ததா? கிண்ணத்தில் என்ன இருந்தது? “பாவம், குளிரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னால் புகார் நகராது. ஒன்டாரியோவில் நாயை வெளியில் வைப்பதும் சங்கிலியில் கட்டுவதும் குற்றமில்லை. சங்கிலி குறைந்தது 3 மீட்டர் இருக்க வேண்டும், நாய் சிக்காமல் நடமாட வேண்டும், குளிர் தாங்கும் கூடு வேண்டும், தண்ணீர் வேண்டும். இவற்றில் எது இல்லை என்று சொன்னால்தான் அவர்களுக்குப் பிடி கிடைக்கும். ஸ்லெட் இழுக்கும் அலாஸ்கன் ஹஸ்கி வகை நாய் இயல்பிலேயே ஒல்லி. ஓடுவதற்கு முன் துள்ளிக் கத்துவதும் ஆர்வம்தான். இவற்றையும் சேர்த்துக் கொட்டினால் உண்மையான குறை அமுங்கிப்போகும். மகள் எடுத்த படத்தில் நேரம் பதிவாகியிருந்தது. அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

ஆய்வாளர் குறை கண்டால் கெடு வைத்து எழுத்தில் உத்தரவு போடலாம். உரிமையாளர் 5 வேலை நாட்களுக்குள் விலங்குப் பராமரிப்பு மீளாய்வு வாரியத்தில் முறையிடலாம். உத்தரவை மதிக்காவிட்டால் நாய்களை எடுத்துப்போகவும் சட்டத்தில் இடமுண்டு. எடுத்துப்போயும் இருக்கிறார்கள். 2021-ல் ஒன்டாரியோவின் மூன்ஸ்டோன் என்ற ஊர்ப் பக்கத்தில் ஸ்லெட் நாய்களின் நிலையைக் காட்டிய காணொளி ஒன்று பரவி, பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஆண்டிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்லெட் நாய்களை அகற்றினார்கள். வெளியில் வளரும் நாய்களுக்கான விதிகள் 2022 ஜூலையில் இறுகின.

ஆனால் நீங்கள் காணொளியை முதலில் போடாதீர்கள். ஆய்வாளர் போவதற்குள் எல்லாம் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். சங்கிலியை நீங்களே அவிழ்க்கவும் வேண்டாம். வேலி தாண்டவும் வேண்டாம்.

விசாரணையில் என்ன நடந்தது என்று எங்களிடம் விவரமாகச் சொல்லவில்லை. அதற்குத் தயாராக இருங்கள். மார்ச்சில் அந்தப் பக்கம் போன நண்பரிடம் பார்த்துவரச் சொன்னேன். கட்டைகளின் உச்சியில் சுழலும் வளையம் மாட்டியிருக்கிறார்களாம், சங்கிலி இனிச் சுற்றாது. எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. கடைசி வரிசைக் கிண்ணங்களில் மட்டும் இன்னும் ஐஸ்தான் என்றார். படத்தை அனுப்பச் சொல்லி, எங்கள் முதல் புகாரின் கோப்பு எண்ணையே சொல்லி மறுபடி அழைத்தேன்.