ஆஸ்திரேலியாவில் பழங்குடி நிலமும் சுரங்க அனுமதியும்

1992இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தந்த மாபோ தீர்ப்பு, ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற வாதத்தைத் தள்ளியது. மறு வருடமே பழங்குடி உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தருவது பேசும் உரிமைதான், மறுக்கும் உரிமை அல்ல. சுரங்கக் குத்தகைக்கு அறிவிப்பு வந்தபின் குறைந்தது 6 மாதம் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும்; முடியாவிட்டால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். நிறுவனம் காத்திருந்தாலே போதும் என்பதுதான் இதிலுள்ள ஓட்டை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியிலுள்ள ஜூகான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய குகை அங்கே இருந்தது. அந்த மாநிலத்தின் 1972 பாரம்பரியச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ், அதைச் சிதைக்க 2013இல் அமைச்சர் அனுமதி தந்தார். அதன்பிறகு நடந்த அகழாய்வில் குகையின் அருமை தெரியவந்தும் அனுமதி மாறவில்லை. அப்போது மேல்முறையீட்டு வாய்ப்பு நில உரிமம் வைத்திருந்தவருக்கு மட்டுமே இருந்தது, பழங்குடிகளுக்கு இல்லை. 2020 மே மாதம் இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் அந்தக் குகைக்கு வெடி வைத்தது.

வடக்கு ஆட்சிப்பகுதியில் கதை வேறு. அங்கே 1976 நில உரிமைச் சட்டப்படி, பழங்குடி நிலத்தில் கனிமம் தேட வரும்போதே மறுக்கலாம். மறுத்தால் மறுபடி கேட்க 5 ஆண்டு தடை. தேட விட்டுவிட்டால், பிறகு தோண்டுவதை மறுக்க முடியாது.